டில்டிங் கிரைண்டர் கேட்டேன், சாதா கிரைண்டர் வந்தது: மாவு அரைத்துவிட்டால் உரிமை போய்விடுமா?

வாசகி ஒருவரின் கேள்வி, 12 மே 2025

கரூரில் ஒரு கடையில் சனிக்கிழமை 2 லிட்டர் டில்டிங் கிரைண்டர் வாங்கினேன். மாமியாருக்குத் தோள்பட்டை வலி. பாத்திரத்தைத் தூக்கி மாவு வழிக்க அவரால் முடியாது. அதற்காகவே சாய்க்கும் வகையைக் கேட்டேன். கடையில் பார்வைக்கு வைத்திருந்ததைச் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டினேன். பில்லிலும் 'டில்டிங்' என்றே இருக்கிறது. கிடங்கிலிருந்து பெட்டியை எடுத்து ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் அப்படியே வேலைக்குப் போய்விட்டேன். இரவு வந்து பார்த்தால் மேடையில் நிற்பது சாதா கிரைண்டர். மாமியார் பெட்டியைப் பிரித்து, கல்லைக் கழுவி, மாலையிலேயே இட்லிக்கு அரைத்து முடித்திருந்தார். காலையிலேயே அரிசி ஊறப்போட்டுவிட்டாராம்.

இன்று கடைக்குப் போனேன். "பெட்டியைப் பிரித்தாயிற்று, மாவும் அரைத்தாயிற்று, இனிமேல் கம்பெனிகூட எடுக்காது" என்கிறார் முதலாளி. பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சிட்டிருப்பதைக் காட்டினார். இரண்டுக்கும் விலை வித்தியாசம் 1,800 ரூபாய். நாங்கள் ஏமாந்தது ஏமாந்ததுதானா? மாற்றியே ஆக வேண்டும் என்றாலும் பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோகும் ஆட்டோக் கூலி யாருடையது?

12 மே, இரவு

ஏமாறவில்லை. பில்லின் அடியில் இருக்கும் அந்த வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் வேறு கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள் பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்க மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை. முதலாளியிடம் இதைச் சொல்லுங்கள். முடிந்தது விஷயம்.

13 மே, காலை

முடியவில்லை. நேற்று இரவு நினைவிலிருந்து எழுதினேன். காலையில் சட்டத்தை எடுத்துப் பார்த்தால் நான் ஒரு சொல்லை விழுங்கியிருக்கிறேன். பிரிவு 2(47) சொல்வது 'குறைபாடுள்ள' பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதை. பிடிக்காத புடவைக்கும் அளவு சேராத செருப்புக்கும் அந்த 30 நாள் பொருந்தாது. என்னைப் போலவே அரைகுறையாகப் படித்துவிட்டுக் கடையில் போய்ச் சத்தம் போட்டு அவமானப்பட்டவர்கள் உண்டு.

உங்கள் கிரைண்டர் குறைபாடுள்ள பொருளா? அது நன்றாகத்தான் அரைக்கிறது, மாமியாரே சாட்சி. ஆனால் அதே சட்டம் 'குறைபாடு' என்பதற்குத் தரும் விளக்கம் பரந்தது. ஒப்பந்தப்படியோ வியாபாரி சொன்னபடியோ இருக்க வேண்டிய தரத்தில் ஏதாவது குறைந்தாலும் அது குறைபாடுதான். சாயும் என்று சொல்லி விற்றது சாயவில்லை என்றால் வாதாடலாம். வாதாடலாம் என்றுதான் சொல்கிறேன். இதைவிட நேரான வழி ஒன்று இருக்கிறது, மதியம் எழுதுகிறேன். இப்போது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

13 மே, மதியம்

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். நுகர்வோர் சட்டம் வந்த பிறகு எல்லாரும் இதை மறந்துவிட்டார்கள். ஆனால் கடை மாற்றிக் கொடுத்த பொருளைப் பற்றி இதைவிடத் தெளிவாகப் பேசும் சட்டம் நம்மிடம் இல்லை.

பிரிவு 15: விவரம் சொல்லி விற்றால் பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். மாதிரியும் காட்டி விவரமும் சொல்லி விற்றால் இரண்டுக்குமே ஒத்திருக்க வேண்டும். நீங்கள் கடையில் ஒன்றைச் சாய்த்துப் பார்த்தீர்கள் அல்லவா, அது மாதிரி. பில்லில் 'டில்டிங்' என்று எழுதினார் அல்லவா, அது விவரம். வந்த கிரைண்டர் இரண்டிலும் தேறவில்லை.

இப்போது முதலாளி காட்டிய வரிக்கு வருவோம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது'. சரி, ஒப்புக்கொள்ளுங்கள். அவர் விற்றது எது? டில்டிங் கிரைண்டர். அதை இன்னும் கொடுக்கவே இல்லை. உங்கள் மேடையில் நிற்பது அவர் விற்காத பொருள். விற்காத பொருளுக்கு அந்த வரி எப்படிப் பொருந்தும்? அடுத்த முறை போகும்போது இதைச் சொல்லிப் பாருங்கள். சண்டை போடும் குரலில் வேண்டாம், சந்தேகம் கேட்பதுபோலக் கேளுங்கள்.

ஆட்டோக் கூலி: பிரிவு 43. மறுக்க உரிமையுள்ள பொருளை மறுக்கும்போது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கடையில் சேர்க்கும் கடமை வாங்கியவருக்குக் கிடையாது. 'இது எனக்கு வேண்டாம்' என்று தெரிவித்தால் போதும். வந்து எடுத்துப்போவது அவர்கள் வேலை. நாம்தான் பழக்கத்தில், குற்றவாளி மாதிரி பெட்டியைச் சுமந்துகொண்டு கடை வாசலில் நிற்கிறோம்.

14 மே

மாவு அரைத்த விஷயத்தை வேண்டுமென்றே தள்ளிவைத்திருந்தேன், ஏனென்றால் அது என் பழைய புண்.

2022 ஜூனில் திருச்சியில் வீட்டின் இரண்டு குளியலறைகளுக்கும் புதிதாகத் தரை போட்டோம். அம்மாவுக்கு அப்போது 74 வயது. வழுக்காத தரை வேண்டும் என்று மேட் டைல்ஸ் தேர்ந்தெடுத்தேன், ஒன்றுக்கு ஒன்று அடி, சாம்பல் நிறம். ஒன்பது பெட்டி. கடை ஒரு குட்டியானையில் அனுப்பியது. அன்று நான் ஊரில் இல்லை. சித்தாள் பெண் டெலிவரி சலானில் கையெழுத்துப் போட்டு இறக்கி வைத்துவிட்டார். ஒன்பதில் ஐந்து பெட்டிதான் மேட். நான்கு பெட்டி அதே நிறத்தில் பளபளப்பு வகை. அட்டைப் பெட்டிகள் அச்சாக ஒன்றேபோல இருக்கும், பக்கவாட்டில் ஒட்டிய சீட்டில் கடைசி இரண்டு எழுத்து மட்டும் வேறு.

மேஸ்திரி முதல் குளியலறையில் பளபளப்பு இரண்டு பெட்டியை ஒட்டிவிட்டார். சிமெண்டுத் தூசி படிந்த டைல்ஸில் பளபளப்பு எங்கே தெரியும்? மறுநாள் மாலை நான் வந்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, வெறுங்காலோடு உள்ளே போனேன். சுவரைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தேன். மேஸ்திரி, "நானும் நினைத்தேன் சார், ஒரு மாதிரி வழவழவென்று இருக்கிறதே என்று" என்றார். நினைத்தவர் ஒரு போன் செய்திருக்கலாம்.

கடைக்காரர் பிரிக்காத இரண்டு பெட்டியை மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவதாகச் சொல்லிவிட்டார். ஒட்டிய இரண்டுக்கு, "ஒட்டிய டைல்ஸை நான் எங்கே கொண்டுபோய் விற்பேன்? பெட்டியில் கோடு நம்பர் இருக்கிறது, பார்த்து ஒட்டியிருக்க வேண்டும்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் 'உங்கள் தவறுக்கு நான் ஏன் அழ வேண்டும்' என்று கத்திவிட்டு வந்தேன். பிறகு அழுதது நான்தான். உடைத்து எடுக்கும் கூலி, புது டைல்ஸ் இரண்டு பெட்டி, இரண்டு நாள் வேலை நின்றது. எல்லாம் என் பையிலிருந்து.

பிற்பாடு அந்த 1930 சட்டத்தைப் படித்தபோது கடைக்காரர் சொன்னதில் பாதி நியாயம் இருப்பது தெரிந்தது. கேட்ட பொருளோடு கேட்காத பொருளும் கலந்து வந்தால், சரியானதை வைத்துக்கொண்டு மற்றதை மறுக்கலாம், அல்லது மொத்தத்தையும் மறுக்கலாம். பிரிவு 37 அதைச் சொல்கிறது. ஆனால் பிரிவு 42 என்று ஒன்றும் இருக்கிறது. வந்த பொருளை வைத்து, விற்றவரின் உடைமைக்கு ஒவ்வாத ஏதாவது ஒன்றைச் செய்துவிட்டால் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். நியாயமான காலம் கடந்தும் ஒன்றும் சொல்லாமல் வைத்திருந்தாலும் அப்படியே. டைல்ஸைக் கலவை பூசித் தரையில் ஒட்டுவதைவிடப் பெரிய ஒவ்வாமை என்ன இருக்க முடியும்?

இதே கேள்விதான் உங்கள் கிரைண்டருக்கும். ஊறிய அரிசியை அரைத்தது ஏற்றுக்கொண்டதாகுமா? என் கட்சி, ஆகாது. வாங்கியவர் நீங்கள், சாயும் வகை என்று தெரிந்தவரும் நீங்கள். பார்த்த அடுத்த வேலைநாளே கடையில் போய்ச் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு முறை அரைத்ததால் கல் தேய்ந்து போவதில்லை. ஆனாலும் முதலாளி இதைப் பிடித்துக்கொண்டு தொங்குவார் என்பதற்குத் தயாராக இருங்கள். இன்றிலிருந்து அதில் ஒரு பிடி உளுந்துகூடப் போடக் கூடாது. இன்னொரு முறை அரைத்தால் என் கட்சி கலைந்துவிடும்.

14 மே, இரவு

சொல்ல மறந்தது. பில்லை இன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் அச்சாகும் அந்த வழவழப்பான தாள் பீரோவில் வைத்தாலே சில மாதங்களில் வெளுத்துவிடும். என் டைல்ஸ் பில் இப்போது ஒரு வெள்ளைத் துண்டு. ஓரத்தில் நான் பேனாவால் எழுதிய மேஸ்திரியின் கூலிக் கணக்கு மட்டும் தெளிவாக இருக்கிறது.

16 மே

சென்னையிலிருந்து ஒருவர் கேட்கிறார்: இணையத்தில் வாங்கியதற்கும் இதே சட்டம்தானா? அடிப்படை அதேதான். கூடுதலாக 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள் இருக்கின்றன. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளை விற்பனையாளர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பெட்டி பிரிப்பதைப் படம்பிடித்து வைப்பதைக் கேலி செய்யாதீர்கள். போனுக்குப் பதில் சோப்பு வந்தது என்று நாம் சொன்னால், நாமே சோப்பை வைத்துவிட்டோம் என்று அவர்கள் சொல்ல எவ்வளவு நேரமாகும்?

18 மே

இப்போது தலைகீழ் வழக்கு. கடை மாற்றிக் கொடுத்தது நமக்கு லாபமாக இருந்தால்?

சில வருடங்களுக்கு முன் தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கையில் என்.எஸ்.பி. சாலைப் பக்கம் ஒரு ஜவுளிக்கடை. கூட்டம் எப்படி இருக்கும் என்று திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பணம் கட்டிவிட்டு, பொருள் கொடுக்கும் இடத்தில் ரசீதை நீட்டினால் பையைத் தூக்கிக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தோம். நாங்கள் எடுத்தது இரண்டு பருத்திப் புடவை, ஒரு வேட்டி, பையன்களுக்குச் சட்டை. பையில் இருந்தது மூன்று பட்டுப்புடவை. வீட்டில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. மனைவி ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, மடித்து வைத்தார். "யாரோ கல்யாணத்துக்கு எடுத்திருக்கிறார்கள்" என்றார். உள்ளே பில் இருந்தது, தொகையைப் பார்த்தபோது எனக்கே வயிறு கலங்கியது.

அன்றிரவே திரும்பப் போனேன். அங்கே ஒரு பெரியவர் எங்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே இருந்த சின்னச் சட்டைகளைப் பார்த்ததும் 'பிள்ளைகளுக்கு எடுத்தது, கட்டாயம் வருவார்கள்' என்று கடை ஊழியரிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஊழியர் முகத்தில் உயிர் இல்லை. நான் பையை நீட்டியதும் அந்தப் பையன் கும்பிட்டான். சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

19 மே

எதிர்பார்த்ததுதான். "தவறு கடையுடையது, நாம் ஏன் திருப்பித் தர வேண்டும்? வெளிநாட்டில் நமக்கே சொந்தம் என்று சட்டம் இருக்கிறது" என்று ஒருவர். இங்கிலாந்தில் இருக்கும் சட்டத்தைச் சொல்கிறார். அது கேட்காத பொருளை வேண்டுமென்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பிறகு பணம் கேட்கும் வியாபாரிகளை அடக்க வந்தது. கைதவறி மாறி வந்த பைக்கு அல்ல.

இங்கே 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 72: தவறுதலாகப் பணம் கொடுக்கப்பட்டாலோ பொருள் ஒப்படைக்கப்பட்டாலோ, பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும். சட்டமே ஓர் உதாரணமும் சொல்கிறது. இரண்டு பேர் சேர்ந்து ஒருவருக்கு 100 ரூபாய் கடன்பட்டிருக்கிறார்கள். ஒருவர் கட்டிவிடுகிறார். அது தெரியாமல் மற்றவரும் 100 ரூபாய் கட்டிவிடுகிறார். வாங்கியவர் இரண்டாவது நூறைத் திருப்பித் தரக் கடமைப்பட்டவர். 1872இல் நூறு ரூபாய் என்பது சின்னத் தொகை இல்லை.

தெரிந்தே வைத்துக்கொண்டால் குற்றவியல் பக்கமும் கதவு திறக்கும். பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 314, அசையும் பொருளை நேர்மையின்றிக் கையாடல் செய்வது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது 403. முன்பு கீழ்வரம்பு கிடையாது. இப்போது ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. ஒரு பட்டுப்புடவைக்காக யாரும் உள்ளே போய்விடப் போவதில்லை. ஆனால் 'நமக்கே சொந்தம்' என்று சொல்லும்போது நாக்கைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளலாம்.

கிரைண்டர் வாசகிக்கும் இதில் ஒரு வரி உண்டு. அவர் வீட்டில் நிற்பது இப்போது கடையின் பொருள். திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதில்லை, ஆனால் மழையில் நனையவிடவும் கூடாது. என் வீட்டில் பிரிக்காத அந்த இரண்டு பெட்டி டைல்ஸ், அவர்கள் எடுத்துப்போகும்வரை ஐந்து மாதம் போர்டிகோவில் கிடந்தது. வருகிறவர்கள் எல்லாம் அதன்மேல் செருப்பை வைத்தார்கள்.

21 மே

மருந்தைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எழுதாததற்குக் காரணம், அங்கே உரிமை இரண்டாவது வேலை.

அம்மாவுக்கு இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 2.5 மில்லிகிராம். ஒருமுறை கடையில் 5 கொடுத்துவிட்டார்கள். முழு அட்டையாகக் கொடுக்காமல் ஆறு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்தார்கள். பெயரும் அளவும் அட்டையின் மறுபாதியில் போய்விட்டன. அம்மா இரண்டு நாள் விழுங்கிவிட்டு, "எழுந்தால் தலை சுற்றுகிறது" என்றார். மாத்திரையின் அளவு சற்றுப் பெரிதாக இருப்பதைக் கண்டுபிடித்ததும் அவர்தான். முதலில் டாக்டருக்குப் போன் செய்தோம். கடைக்குப் போனது மறுநாள்.

மாறி வந்த மருந்தை நிறுத்துவதா, அடுத்த வேளை என்ன செய்வது என்பதையெல்லாம் டாக்டரிடம் கேளுங்கள், கடைக்காரரிடம் அல்ல. அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், கடையிலும் கொடுத்துவிடாதீர்கள். அதுதான் ஆதாரம். கத்தரிக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

'இந்தக் கம்பெனி இல்லை, அதே மருந்து வேறு கம்பெனியில் தருகிறேன்' என்பது தெருவுக்குத் தெரு நடக்கிறது. மருந்து விதிகளில் 65ஆம் விதியில் இதற்கும் வாசகம் உண்டு. சீட்டில் எழுதிய மருந்து எச் அல்லது எக்ஸ் அட்டவணையில் (டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியல்கள்) வருவதாக இருந்தால், உட்கூறு ஒன்றாகவே இருந்தாலும் வேறு தயாரிப்பை மாற்றிக் கொடுக்கக் கூடாது. நடைமுறை வேறு என்பது எனக்கும் தெரியும். நானே மாற்று வாங்கியிருக்கிறேன், டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டு.

22 மே

பெட்ரோல் காரில் டீசல் போட்டுவிட்டார்கள் என்று எழுதிய நண்பருக்கு: வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு போனீர்களே, அங்கேதான் உங்கள் கேஸ் பிழைத்தது. என் மைத்துனர் ஸ்டார்ட் செய்து, பங்க் ஊழியரைத் திட்டுவதற்கென்றே ஒரு வட்டமடித்துத் திரும்பி வந்தார். திட்டி முடிப்பதற்குள் வண்டி நின்றுவிட்டது.

25 மே

14ஆம் தேதி எழுதியதில் ஒரு பெரிய ஓட்டை. நேற்று வேறு எதையோ தேடப் போய்ச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் பிரிவு 13இல் தடுக்கி விழுந்தேன்.

ஒட்டிவிட்டதால் ஏற்றுக்கொண்டதாகிவிட்டது, எனவே கதை முடிந்தது என்று நான் மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். தவறு. ஏற்றுக்கொண்டால் போவது பொருளை மறுக்கும் உரிமை மட்டுமே. இழப்பீடு கேட்கும் உரிமை அதோடு போய்விடுவதில்லை. விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் அடிப்படை நிபந்தனை. ஏற்றுக்கொண்ட பிறகு அதே மீறலை உத்தரவாத மீறலாக வைத்து, விலையில் குறைக்கச் சொல்லலாம், நஷ்டத்தைக் கேட்கலாம். பிரிவு 59. உடைத்தெடுக்கும் கூலியில் ஒரு பங்காவது எனக்கு வந்திருக்கும். மேஸ்திரி கவனித்தும் பேசாமல் இருந்ததற்குக் கொஞ்சம் கழித்திருப்பார்கள், கழிக்கட்டும்.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருடம் அவகாசம். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் பிறகும் ஏற்கலாம். 'சட்டத்தை நேற்றுத்தான் படித்தேன்' என்பது தக்க காரணம் ஆகாது. 2022 ஜூன் கணக்கில் என் அவகாசம் முடிந்து பதினோரு மாதம் ஆகிறது.

கிரைண்டர் வாசகி, நீங்கள் கவனியுங்கள். மாவு அரைத்ததால் ஏற்றுக்கொண்டதாகிவிட்டது என்று யாராவது தீர்மானித்தாலும், அந்த 1,800 ரூபாய் வித்தியாசம் உங்களுடையதுதான். மிக மோசமான முடிவே அதுவாகத்தான் இருக்கும். 'இரண்டில் ஒன்று செய்யுங்கள், மாற்றித் தாருங்கள் அல்லது வித்தியாசத்தைத் தாருங்கள்' என்று கேட்கலாம்.

இன்னொன்றும் உறுத்துகிறது. கடைக்காரரிடம் அன்று கத்தினேனே தவிர, எழுதி ஒன்றும் கொடுக்கவில்லை. கத்தியது எந்தக் கோப்பிலும் ஏறாது.

27 மே

வாசகி கேட்டதற்காக, கடைக்கு என்ன எழுதுவது என்று. நீளமாக வேண்டாம். வாங்கிய தேதி, பில் எண், கேட்ட வகை, வந்த வகை, தெரிந்த நேரம், கடையில் நேரில் சொன்ன தேதி. 'இந்தப் பொருளை நான் ஏற்கவில்லை, என் வீட்டில் பத்திரமாக இருக்கிறது, எடுத்துக்கொண்டு பில்லில் உள்ளதைத் தாருங்கள்' என்று ஒரு வரி. பதினைந்து நாள் கெடு. கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்கள், விரைவுத் தபாலிலும் ஒன்று. கிரைண்டரின் அடியில் உள்ள மாடல் எண் தெரியும்படி படம். 'ஒரு முறை அரைத்தோம்' என்பதை மறைக்காதீர்கள். அவர்கள் சொல்வதற்கு முன் நாமே சொல்லிவிட்டால் அதன் பல் விழுந்துவிடும்.

அசையாவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அவர்கள் உத்தரவு போட முடியாது, புகாரைக் கடைக்கோ நிறுவனத்துக்கோ அனுப்பிப் பதில் கேட்பார்கள். பல கடைகளுக்கு அதுவே போதும். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. 2019 சட்டம் வந்த பிறகு, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 2025 ஜனவரியிலிருந்து இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவும் கொடுக்கலாம். மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. அதை நம்பி நாள்காட்டியில் வட்டம் போட வேண்டாம்.

1,800 ரூபாய்க்கு இத்தனை ஓட்டமா என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. நான் டைல்ஸுக்கு ஓடவில்லை.

3 ஜூன்

வாசகியிடமிருந்து செய்தி. 1915 வரை போகவில்லை. வாட்ஸ்அப்பில் கடிதம் போன இரண்டாம் நாள் கடையிலிருந்து போன் வந்திருக்கிறது. பேசியது முதலாளி இல்லை, அவருடைய மகன். கிடங்கில் அடுக்கும்போது இரண்டு வகையும் கலந்துவிட்டன, வேறு ஒரு வீட்டிலும் இதே மாதிரி போயிருக்கிறது என்று ஒப்புக்கொண்டாராம். வியாழக்கிழமை அவர்களே டில்டிங் கிரைண்டரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பழையதை எடுத்துப்போகிறார்கள். கூலி கேட்கவில்லை. 'விற்காத பொருள்' வாதத்தைச் சொன்னபோது அந்தப் பையன் சிரித்துவிட்டானாம்.

பெட்டியை அவர்கள் முன்னாலேயே பிரித்து, சாய்த்துப் பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். புதன்கிழமை இரவே அரிசி ஊறப்போடுவதாக மாமியார் திட்டமிட்டிருப்பதாகத் தகவல்.

5 ஜூன், இரவு

வந்துவிட்டது. சாய்கிறது. அரிசி ஊறிக்கொண்டுதான் இருந்ததாம்.